கபர் மறுக்கப்பட்ட தளபதி: அஸ்லன் மஸ்கதோவ்



ஒரு முஸ்லிம் மரணித்துவிட்டால் உயிரோடிருப்போர் மீது நான்கு கடமைகள் வந்து சேருகின்றன. மையித்தைக் குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸாத் தொழுகை நடத்துதல், நல்லடக்கம் செய்தல். சிலர் நிறைவேற்றிவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் அறிந்தும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகளாவர். போர்க்களத்தில் ஷஹீதானவரைக் குளிப்பாட்டுவதிலும் அவருக்காகத் தொழுவதிலும் சட்டம் வேறுபடும். ஆனால் நான்காவது கடமையான அடக்கம் எவருக்கும் நீங்குவதில்லை.

2005 மார்ச் 8ஆம் நாள், செச்சன்யாவின் தோல்ஸ்தோய்-யூர்த் என்னும் கிராமத்தில் ஒரு வீட்டின் நிலவறையருகே ஐம்பத்து மூன்று வயதான ஒரு முஸ்லிமின் மையித் கிடந்தது. மேலாடையின்றிக் கைகள் விரிந்த நிலையில் கிடந்த அவ்வுடலை ரஷ்யத் தொலைக்காட்சிகள் உலகுக்கெல்லாம் காட்டின. அவர்தாம் செச்சன்யா மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி அஸ்லன் மஸ்கதோவ். அந்த மையித் அவருடைய மனைவி மக்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. எங்கே அடக்கப்பட்டது என்றும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

செச்சன்யப் போரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் வாலிபர்கள் ஷாமில் பஸாயெவின் பெயரையே ஆர்வத்தோடு உச்சரிக்கக் கேட்டிருக்கிறேன். மஸ்கதோவை அறிந்தவர்கள் குறைவு. ஆகவேதான் அவருடைய வரலாற்றை, அவருடைய தவறுகளையும் மறைக்காமல், எழுத நாடினேன்.

அவர் பிறந்த இடமே அந்தச் சமுதாயத்தின் துயரத்தைச் சொல்லும். அவர் பிறந்தது செச்சன்யாவில் அன்று. வெகு தொலைவில் கஸகஸ்தானில், 1951 செப்டம்பரில். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியருக்குத் துணைபோனார்கள் என்று ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் பழிசுமத்தி, 1944 பிப்ரவரி 23ஆம் நாள் ஸ்டாலினின் அரசு செச்சன்யரையும் அவர்களுடைய சகோதர இனத்தவரான இங்குஷ் மக்களையும் ஒட்டுமொத்தமாக நாடு கடத்தியது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கடுங்குளிரில் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டார்கள். ஜெர்மானியரை எதிர்த்துச் செஞ்சேனையில் போரிட்டுக்கொண்டிருந்த செச்சன்ய வீரர்களும் விலக்கப்பட்டு அதே புல்வெளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வழியில் இறந்தோரைப் பனியில் விட்டுச் செல்ல நேர்ந்தது. முதல் சில ஆண்டுகளில் நான்கில் ஒருவரேனும் பசியாலும் நோயாலும் மடிந்திருப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர்.

அவர்கள் பின்னே விட்டுச் சென்ற கபருஸ்தான்களையும் சும்மா விடவில்லை. மீஸான் கற்களைப் பிடுங்கிச் சாலையோரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பயன்படுத்தினார்கள். 1957இல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தபோது, பாட்டனாரின் பெயர் பொறித்த கல்லைத் தெருவில் மிதிபடக் கண்டவர்கள் உண்டு. பின்னாளில் ஜனாதிபதி ஜவ்ஹர் துதாயெவின் ஆட்சியில் இத்தகைய கற்களைத் தேடிச் சேர்த்து, தலைநகர் க்ரோஸ்னியில் ஒரு நினைவிடமாக நட்டு வைத்தார்கள்.

அந்தப் பாலை வெளியிலும் தீன் அழியவில்லை. செச்சன்யர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். நம் காயல்பட்டினம், கீழக்கரைக் கடற்கரை மக்களைப் போலவே. நக்ஷபந்திய்யா, காதிரிய்யா தரீக்காக்கள் அவர்களிடையே ஆழ வேரூன்றியவை. பள்ளிவாசலும் மதரஸாவும் இல்லாத பதின்மூன்று ஆண்டுகளில் அம்மக்களின் ஈமானைக் கட்டிக் காத்தவற்றுள் வீட்டுக்குள் கூடிய திக்ரு மஜ்லிஸ்கள் முதன்மையானவை.

மஸ்கதோவின் குடும்பம் ஊர் திரும்பியது. அந்த அகதிச் சிறுவன் வளர்ந்து, தன்னை நாடு கடத்திய அதே அரசின் இராணுவத்தில் சேர்ந்தது விந்தைதான். 1972இல் திபிலிசி பீரங்கிப்படைப் பள்ளியிலும் 1981இல் லெனின்கிராடில் இருந்த பீரங்கிப்படை உயர்கல்லூரியிலும் தேர்ச்சி பெற்றார். தூரக் கிழக்கிலும் ஹங்கேரியிலும் லித்துவேனியாவிலும் பணியாற்றிக் கர்னல் பதவிக்கு உயர்ந்தார். சோவியத் யூனியன் சிதறிய பின்னர், 1992இல் இராணுவத்திலிருந்து விலகித் தாயகம் வந்தார். துதாயெவ் அவரைப் படைத் தலைமையகத்தின் தலைவராக்கினார். குறைவாகப் பேசுபவர், கணக்குப் பார்த்துப் போரிடுபவர், வீர வசனம் அறியாதவர் என்று அவரைக் கண்டவர்கள் கூறுவர்.

1994 டிசம்பர் 11ஆம் நாள் ரஷ்யப் படைகள் செச்சன்யாவுக்குள் நுழைந்தன. ஒரே ஒரு பாராசூட் படைப்பிரிவைக் கொண்டு இரண்டு மணி நேரத்தில் க்ரோஸ்னியைப் பிடித்துவிடலாம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் கிராச்சேவ் பெருமை பேசியிருந்தார். ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்திய இரவு டாங்கிகள் நகரத் தெருக்களில் வரிசையாக ஊர்ந்தன. மஸ்கதோவ் அவற்றை உள்ளே வர விட்டார். அதன் பின்னர் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து நின்ற வீரர்கள் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டுகளால் அடித்து நொறுக்க, நடுவில் அகப்பட்டவை முன்னும் போக இயலாமல் பின்னும் போக இயலாமல் தெருவிலேயே எரிந்தன. ரயில் நிலையத்தைப் பிடித்த மைக்கோப் படைப்பிரிவு ஏறத்தாழ முற்றாக அழிந்தது. ஜனாதிபதி மாளிகையின் நிலவறையில் அமர்ந்து இந்தத் தற்காப்பை நடத்தியவர் மஸ்கதோவ். ரஷ்யர்கள் இரண்டு மணி நேரத்தில் பிடிப்பதாகச் சொன்ன நகரத்தின் மாளிகையைப் பிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் மாண்டனர். அவர்களில் வேறெங்கும் போக்கிடம் இல்லாத ரஷ்ய முதியோரும் பலர்.

அடுத்து நடந்ததைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1995 ஜூன் மாதம் பஸாயெவ் தம் ஆட்களோடு ரஷ்யாவின் புத்யோனவ்ஸ்க் நகருக்குள் புகுந்து, ஒரு மருத்துவமனையில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோரைப் பிணையாகப் பிடித்தார். நோயாளிகளும் பிரசவத்திற்கு வந்த பெண்களும் அதில் அடக்கம். நூறு பேருக்கு மேல் இறந்தனர். ரஷ்யப் பிரதமரே தொலைபேசியில் பஸாயெவிடம் பேரம் பேசினார். பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது. பஸாயெவ் வீரராக ஊர் திரும்பினார். அதைத் தொடர்ந்த பேச்சுவார்த்தையில் செச்சன்யத் தரப்பின் இராணுவப் பிரதிநிதியாக அமர்ந்தவர் மஸ்கதோவ்.

ஹராமான ஒரு செயல் உலகப் பலனைத் தந்துவிட்டால் அதைப் போன்ற சோதனை வேறில்லை. போர்க்களத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடப்பதைக் கண்டு முகம் சுளித்து, பெண்களையும் சிறுவர்களையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்தத் தடைக்கு, ‘பலன் இருந்தால் செய்யலாம்’ என்ற விதிவிலக்கு கிடையாது. புத்யோனவ்ஸ்க் மருத்துவமனையில் விதைத்தது ஒன்பது ஆண்டுகள் கழித்து எங்கே முளைத்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1996 ஏப்ரலில் துதாயெவ், அவருடைய செயற்கைக்கோள் தொலைபேசியைக் குறிவைத்து ஏவப்பட்ட ஏவுகணையால் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 6ஆம் நாள், மஸ்கதோவ் தீட்டிய திட்டப்படி, போராளிகள் தங்களைவிடப் பன்மடங்கு பெரிய படை காவல் காத்த க்ரோஸ்னிக்குள் ஊடுருவிப் படைமுகாம்களைச் சுற்றி வளைத்தனர். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பொதுமக்கள் வெளியேறாவிட்டால் நகரையே தரைமட்டமாக்குவோம் என்று ஒரு ரஷ்யத் தளபதி எச்சரித்தார். அதை நிறுத்தியவர் மற்றொரு ரஷ்யத் தளபதியான அலெக்சாந்தர் லெபெத். தாகிஸ்தானின் காஸவ்யூர்த் நகரில் ஆகஸ்ட் 31ஆம் நாள் லெபெதும் மஸ்கதோவும் கையொப்பமிட்டனர். செச்சன்யாவின் அந்தஸ்தை 2001 இறுதிக்குள் முடிவு செய்வது, ரஷ்யப் படைகள் வெளியேறுவது என்று உடன்பாடு. ஒரு வல்லரசை அச்சிறு சமுதாயம் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது.

1997 ஜனவரி 27இல் தேர்தல் நடந்தது. ஐரோப்பியப் பார்வையாளர்கள் மேற்பார்வையிட்டனர். மஸ்கதோவ் ஏறத்தாழ 59 விழுக்காடு வாக்குகளும், பஸாயெவ் ஏறத்தாழ 23 விழுக்காடும் பெற்றனர். மக்கள் அமைதியை நாடினார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அவ்வாண்டு மே 12ஆம் நாள் மாஸ்கோவில் ரஷ்ய ஜனாதிபதி யெல்த்சினோடு மஸ்கதோவ் சமாதான உடன்படிக்கை செய்தார். இனி இரு தரப்பும் ஒருவர்மீது ஒருவர் பலப்பிரயோகம் செய்வதில்லை என்று அதில் வாக்களித்தனர்.

போரில் வென்றவர் அமைதியில் தோற்றார். இதை எழுதக் கசப்பாகத்தான் இருக்கிறது. வீடுகள் இடிந்து, வேலையற்று, கையில் துப்பாக்கி மட்டுமே இருந்த வாலிபர்கள் தத்தம் தளபதிகளின் பின்னே திரண்டார்கள். மனிதர்களைக் கடத்திப் பணம் பறிப்பது தொழிலாயிற்று. தொலைபேசி இணைப்பு அமைக்க வந்த மூன்று பிரிட்டிஷ்காரரும் ஒரு நியூஸிலாந்துக்காரரும் கடத்தப்பட்டு, 1998 டிசம்பரில் அவர்களுடைய தலைகள் சாலையோரத்தில் கிடந்தன. நாட்டைக் கட்டியெழுப்ப வந்த விருந்தாளிகள் அவர்கள், அடைக்கலம் பெற்றவர்கள். அமான் அளிக்கப்பட்டவரைக் கொல்வது எத்தகைய பாவம் என்பதை மக்தபில் ஓதும் பிள்ளையும் அறியும்.

அதே காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்த சிலரும், அவர்களிடம் பாடம் கேட்ட உள்ளூர் வாலிபர்களும், தலைமுறை தலைமுறையாக ஸியாரத்தும் திக்ருமாக வாழ்ந்து வந்த மக்களை வழிகேடர் என்று ஏசத் தொடங்கினர். 1998 ஜூலையில் குதெர்மெஸ் நகரில் இத்தகையோருக்கும் அரசுப் படையினருக்கும் இடையே இரத்தம் சிந்தியது. அம்மாதமே மஸ்கதோவின் வாகனத்தின் மீது குண்டு வெடித்தது. அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான்.

இத்தனைக்கும் நடுவே அவர் என்ன செய்தார்? அரவணைத்துப் போக முயன்றார். பஸாயெவை விசாரணையில் நிறுத்தாமல், அரசில் சேர்த்துக்கொண்டு 1998இல் சில மாதங்கள் பிரதமரின் பொறுப்பையே ஒப்படைத்தார். எதிர்ப்பாளர்களின் வாயை அடைப்பதற்காக 1999 பிப்ரவரியில் ஷரீஅத் ஆட்சியை அறிவித்தார். சகோதரச் சண்டை மூண்டால் சமுதாயம் அழிந்துவிடும் என்று அஞ்சினார் போலும். அச்சம் நியாயமானதே. எனினும் அந்த விட்டுக்கொடுத்தலின் விலையை ஏழைகளே கொடுத்தார்கள்.

1999 ஆகஸ்டில் பஸாயெவும் அரபுத் தளபதி கத்தாபும், ஜனாதிபதியின் அனுமதியின்றி, அண்டை முஸ்லிம் நாடான தாகிஸ்தானுக்குள் படையெடுத்தனர். தாகிஸ்தான் முஸ்லிம்கள் அவர்களை வரவேற்கவில்லை, எதிர்த்து நின்றார்கள். மஸ்கதோவ் கண்டித்தார், ஆனால் தடுக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. செப்டம்பரில் மாஸ்கோவிலும் வேறு நகரங்களிலும் குடியிருப்புகள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். செச்சன்யத் தலைமை பொறுப்பை மறுத்தது. புதிதாகப் பிரதமராகியிருந்த புதின் படையை அனுப்பினார். மஸ்கதோவ் பேச்சுவார்த்தைக்கு விடுத்த அழைப்புகளுக்கு மாஸ்கோ செவிசாய்க்கவில்லை. இம்முறை டாங்கிகள் தெருவுக்குள் வர அவசரப்படவில்லை. வானிலிருந்தும் தொலைவிலிருந்தும் நகரைப் பொடியாக்கிவிட்டே வந்தன. முதல் போரில் ஜிஹாத் அறிவித்த முஃப்தி அஹ்மத் கதிரோவ் இப்போது ரஷ்யர் பக்கம் சேர்ந்து, 2000இல் அவர்களுடைய நிர்வாகத்தின் தலைவரானார். 2004 மே 9ஆம் நாள் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். மஸ்கதோவ் மலைகளுக்கும் நிலவறைகளுக்கும் போனார். கிராமங்களில் ‘சுத்திகரிப்பு’ என்ற பெயரில் வாலிபர்கள் அள்ளிச் செல்லப்பட்டார்கள். திரும்பி வராதோர் ஆயிரக்கணக்கானோர்.

2002 அக்டோபரில் மாஸ்கோ நாடக அரங்கில் எண்ணூறுக்கும் அதிகமானோர் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். ரஷ்யப் படை செலுத்திய நச்சு வாயுவால் ஏறத்தாழ 130 பிணையாளிகள் இறந்தனர். அதன் பின்னர், 2004 செப்டம்பர் 1. பெஸ்லான் நகரப் பள்ளிக்கூடம். கல்வியாண்டின் முதல் நாளென்று பூங்கொத்துகளோடு வந்த பிள்ளைகளும் தாய்மார்களுமாக 1,100க்கும் அதிகமானோர் உடற்பயிற்சிக் கூடத்தில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளுக்குத் தண்ணீர்கூட மறுக்கப்பட்டது. மூன்றாம் நாள் வெடிப்பும் துப்பாக்கிச் சண்டையும் தீயுமாக முடிந்தபோது 330க்கும் அதிகமானோர் மாண்டிருந்தனர். அவர்களில் 186 பேர் குழந்தைகள். ரஷ்யப் படையினரின் பொறுப்பற்ற தாக்குதலும் காரணமே. ஆயினும் அந்தப் பிள்ளைகளை அந்தக் கூடத்தில் அடைத்தவர் யார்? இரு வாரங்களில் பஸாயெவ் தாமே முன்வந்து பொறுப்பேற்றார்.

புத்யோனவ்ஸ்கில் விதைத்தது இங்கே முளைத்தது. பஸாயெவின் பெயரை ஆர்வத்தோடு சொல்லும் வாலிபரிடம் நான் கேட்பது இதுதான்: தம்பி, அந்தக் கூடத்தில் தாகத்தால் துடித்த குழந்தையின் மீது எந்தக் கிதாபின் சட்டம் உனக்கு அதிகாரம் தந்தது?

மஸ்கதோவ் அந்தச் செயலைப் பகிரங்கமாகக் கண்டித்தார். போர் முடிந்ததும் பஸாயெவ் உட்படக் குற்றம் புரிந்தோர் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார்கள் என்றும் அறிவித்தார். காட்டில் மறைந்து வாழும் ஒருவர், தம்மோடிருக்கும் ஆயுததாரிகளில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கும் தளபதியைப் பார்த்து இப்படிச் சொல்வது இலேசான காரியமன்று. இங்கே சீராவின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. மக்கா வெற்றிக்குப் பின் காலித் இப்னு வலீத் (ரழி) அவர்கள் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லால் சொல்லத் தெரியாமல் சொல்ல, தவறாக விளங்கப்பட்டுச் சிலர் கொல்லப்பட்டனர். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததைவிட்டுத் தாம் நீங்கியவர் என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அத்தோடு நிற்கவில்லை. அலீ (ரழி) அவர்களைப் பொருளோடு அனுப்பி, கொல்லப்பட்டோருக்கெல்லாம் இரத்த ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரம் உடைந்ததற்கும் ஈடு கொடுக்கப்பட்டதென்று சீரா நூலோர் எழுதுகின்றனர். அதுவோ தவறான விளக்கத்தால் நேர்ந்தது. பெஸ்லானோ திட்டமிட்டுச் செய்தது.

நாவால் விலகுவது ஒன்று. ஈடு செய்வது மற்றொன்று. மஸ்கதோவ் முதலாவதைச் செய்தார். இரண்டாவதைச் செய்யும் ஆற்றல் அப்போது அவரிடம் இல்லை. இருந்த காலத்தில், அதாவது 1997, 1998இல், அவர் செய்யவில்லை. இதுவே அவரைப் பற்றிய என் கருத்து. அவரைவிடக் கடுமையாகவோ மென்மையாகவோ தீர்ப்புச் சொல்வோர் இருக்கலாம்.

பெஸ்லானுக்குப் பின் ரஷ்யா மஸ்கதோவ், பஸாயெவ் ஆகியோரைப் பிடித்துத் தருவோருக்கு முப்பது கோடி ரூபிள் பரிசு அறிவித்தது. கண்டித்தவரும் செய்தவரும் ஒரே பட்டியலில்! 2005 பிப்ரவரியில் மஸ்கதோவ் ஒருதலைப்பட்சமாகப் போர் நிறுத்தம் அறிவித்து, பேச்சுவார்த்தைக்கு மீண்டும் அழைத்தார். பதில், அடுத்த மாதம் தோல்ஸ்தோய்-யூர்தில் வந்தது. அவர் எப்படி இறந்தார் என்பதற்கு ரஷ்யத் தரப்பிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் வந்தன. அவர் ஷஹீதா இல்லையா என்பது அல்லாஹ்விடம் உள்ள கணக்கு. பஸாயெவ் அடுத்த ஆண்டு ஜூலையில் இங்குஷெத்தியாவில் வெடிவிபத்தில் மடிந்தார்.

மையித்தைக் கேட்டு மஸ்கதோவின் குடும்பத்தார் விண்ணப்பித்தபோது, நாடக அரங்கு நிகழ்ச்சிக்குப் பின் 2002 டிசம்பரில் இயற்றிய ஒரு சட்டத்தை அரசு காட்டியது. பயங்கரவாதச் செயலின்போது கொல்லப்பட்டவர் என்று அரசு கருதும் எவரது உடலும் உறவினரிடம் தரப்படாது. அடக்கும் இடமும் தெரிவிக்கப்படாது என்பதே அச்சட்டம். 2007இல் ரஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அஹ்ஸாப் போரில் குறைஷியரின் குதிரை வீரன் நவ்ஃபல் இப்னு அப்துல்லாஹ் அகழியில் விழுந்து கொல்லப்பட்டான். உடலைத் தந்தால் பணம் தருவதாக எதிரிகள் சொல்லியனுப்பினார்கள். மதீனா முற்றுகையில் பசியோடிருந்த நேரம். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பணமும் வேண்டாம், அந்த உடலும் நமக்கு வேண்டாம் என்று, விலையின்றியே எடுத்துச் செல்ல விட்டார்கள்.

மஸ்கதோவின் குடும்பத்தார் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். எட்டு ஆண்டுகள் கழித்து, 2013 ஜூன் 6ஆம் நாள், உடலைத் தர மறுத்தது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறிய செயல் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, மையித் வரவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் க்ரோஸ்னியில், துதாயெவின் காலத்தில் நட்டு வைத்த அந்த மீஸான் கற்களையும் பெயர்த்தெடுத்து வேறிடத்திற்குக் கொண்டு போனார்கள்.